அக்காவின் நினைவாகச் சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி: இயந்திரம் வாங்குவதா, வேறு வழி உண்டா?

கொருக்குப்பேட்டை இளவல்

களத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். என் அக்கா சிறுநீரகச் செயலிழப்பால் காலமாகி, வரும் தை மாதத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. கொருக்குப்பேட்டையில் தையல் கடை நடத்தியவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்த பிறகு, கடைசிச் சில ஆண்டுகள் வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டே கடையையும் விடாமல் பார்த்துக்கொண்டார். ஊசி குத்தும் இடது கையில் பாரம் ஏறக் கூடாது என்பதால், துணி வெட்டும் வேலையை மட்டும் உதவிக்கு வந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, தையலைத் தாமே செய்தார்.

நினைவு நாளுக்குச் சுவரொட்டியும் ஃபிளெக்ஸ் பலகையும் வைப்பதோடு நின்றுவிடாமல், அவரைப் போன்ற நோயாளிகளுக்குப் பயன்படும்படி நிதி திரட்டுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு மேல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். மருத்துவமனை வாசலில் அன்னதானம் செய்யலாம் என்பது மாமாவின் விருப்பம். துபாயில் இருக்கும் பெரியப்பா மகன், நண்பர்களிடம் வசூலித்து ஒரு டயாலிசிஸ் இயந்திரமே வாங்கிக் கொடுத்து, அதில் அக்காவின் பெயரைப் பொறிக்கலாம் என்கிறார். தெருப் பிள்ளைகளோ, கேரம் போட்டி நடத்தி அதில் வரும் பணத்தைக் கொடுக்கலாம் என்று இப்போதே பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பணத்தை யார் பெயரில் வாங்குவது, எதற்காகக் கொடுப்பது என்பதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெறியாளர்

இளவலுக்கு எங்கள் இரங்கல். வங்கிக் கணக்கு எண், க்யூஆர் குறியீடு, நோயாளிகளின் பெயர், புகைப்படம் ஆகியவற்றை இந்த இழையில் எவரும் பதிவிட வேண்டாம். விவாதம் வழிமுறையைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை செவிலி

தம்பிக்கு என் ஆழ்ந்த இரங்கல். டயாலிசிஸ் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்பதால், இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் என்பது அந்தப் பிரிவின் செலவில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் கரைசல் நிமிடத்திற்கு 500 மில்லி வீதம் ஓடினால், நான்கு மணி நேரம் படுத்திருக்கும் ஒரே ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் ஆகிறது. அதற்குக் குழாய்த் தண்ணீரும் ஆகாது, கேன் தண்ணீரும் ஆகாது. குளோரின், உப்பு, கிருமி அனைத்தையும் நீக்கும் ஆர்.ஓ. நிலையத்திலிருந்து வர வேண்டும். அவ்வாறு சுத்திகரிக்கும்போது கழிவாகப் போகிற தண்ணீர் தனிக்கணக்கு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நம் பகுதிக்காரர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் இரத்தத்தை வடிகட்டும் டயலைசர், இரத்தம் போய்வரும் குழாய்கள், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, ஊசி போடவும் கண்காணிக்கவும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பராமரிப்பு ஒப்பந்தம் என்று வரிசை நீள்கிறது. ஏற்கும் மருத்துவமனையில் இவை அத்தனைக்கும் இடமிருந்து, அவர்களே இயந்திரம் வேண்டும் என்று கேட்டால் மட்டும் கொடுங்கள். நான் பணிபுரிந்த ஓரிடத்தில், நன்கொடையாக வந்த இயந்திரம் ஒன்று பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் உறை போர்த்தியபடி மூலையில் நின்றது. அதன் நெற்றியில் கொடுத்தவருடைய தந்தையாரின் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

இனி நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும், அட்டை வைத்திருப்பவர்களுக்கு டயாலிசிஸுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அத்திட்டம் தாங்குகிறது. ஆகவே டயாலிசிஸ் கட்டணத்திற்காகத் தவிக்கும் நிலை முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. அட்டை தொடாத செலவுகள்தாம் குடும்பத்தைக் கரைக்கின்றன. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் இருப்பது உண்மை. போகும்போது அது உதவும். திரும்பும்போது, உடலிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை இறக்கிய களைப்பில் இரத்த அழுத்தம் தாழ்ந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, டி.எச். சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? ஆட்டோதான் வேண்டும். உடன் வருபவருக்கு வாரத்தில் மூன்று நாள் கூலி போகும். இருப்பு இல்லாத நாளில் இரத்தம் ஊறுவதற்கான ஊசியை வெளியே வாங்கச் சொல்வார்கள். மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை அளவில் நான்கு தவணை போட வேண்டும். இவற்றில் ஒன்றில்கூடப் பெயர் பொறிக்க முடியாது என்பது வருத்தம்தான்.

துபாய் ராயபுரத்தான்

இயந்திரம் வாங்கலாம் என்று சொன்ன பெரியப்பா மகன் நான்தான். செவிலி அம்மா எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் வசூல் செய்பவனின் சங்கடத்தையும் சற்றுக் கேளுங்கள். இங்கே என்னோடு பணிபுரியும் நண்பர்கள் ஆறு லட்சம் ரூபாய் வரை சேர்த்துத் தரத் தயாராக இருக்கிறார்கள். இயந்திரம் என்றதும் எவரும் மறு கேள்வி கேட்கவில்லை. அதையே ஆட்டோ செலவு, ஊசிச் செலவு என்று மாற்றிச் சொன்னால், கொடுப்பவர் மனத்தில் ஒரு உருவமும் நிற்பதில்லை. பணம் எங்கே போகிறது என்ற ஐயமும் எழுகிறது. ஒரு முறை கொடுத்தால் பத்தாண்டுகள் ஓடும் பொருளை விட்டுவிட்டு, மாதா மாதம் கரைந்துபோகிற செலவுக்கு எப்படிக் கை நீட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் பெயர் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை.

பழைய வண்ணைக் கணக்காளர்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பணத்தின் பாதையைப் பார்ப்போம். என் தொழில் வரிக்கணக்கு. இந்த விஷயத்தில் நல்ல மனத்தோடு தொடங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்குப் பதில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இளவல் தம்முடைய சேமிப்புக் கணக்கில் பணத்தை வாங்கவே கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அந்த முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும். அத்தனையையும் நோயாளிகளுக்குத்தான் கொடுத்தேன் என்று பின்னால் காட்டுவதற்கு ரசீது, பதிவேடு எல்லாம் வேண்டும். ஆட்டோக்காரர் ரசீது தரமாட்டார். இரண்டாவது, தனி மனிதருக்குக் கொடுத்த பணத்துக்குக் கொடுத்தவர் வரிச்சலுகை கோர முடியாது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குச் சலுகை கிடைக்கும். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. வெறும் ரசீதை நம்பாமல், வரித்துறை வகுத்த படிவத்தில் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாக அறக்கட்டளை தொடங்கலாமா என்று கேட்பீர்கள். பத்திரம் எழுதி, பதிவு செய்து, நிரந்தரக் கணக்கு எண் வாங்கி, வருமான வரித்துறையிடம் அனுமதி பெற்று, பிறகு ஆண்டுதோறும் தணிக்கையும் கணக்குத் தாக்கலும் செய்ய வேண்டும். ஒரு தெருவின் ஆர்வத்துக்கு அது தாங்காது. முதல் ஆண்டில் ஐந்து அறங்காவலர்கள் இருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் கையெழுத்துப் போட ஆள் தேடுவீர்கள். ஏற்கெனவே இந்தத் துறையில் இருப்பவர்களிடம் சேர்ப்பதே முறை. சென்னையில் 1993 முதல் இயங்கும் டேங்கர் அறக்கட்டளை, ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் டயாலிசிஸ் நடத்திவருகிறது. அரசு மருத்துவமனைக்கே கொடுக்க விரும்பினால், அம்மருத்துவமனை முதல்வரின் (டீன்) அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, நோயாளிகள் நலச் சங்கத்தின் கணக்கில் முறைப்படி செலுத்தலாம். எங்கே கொடுத்தாலும், இன்ன செலவுக்கு, இன்னார் நினைவாக என்று கடிதம் இணைத்து, ஒப்புகைக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

துபாய்த் தம்பிக்கு ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் உங்கள் நண்பர் வட்டத்தில் அமெரிக்கக் குடியுரிமையோ பிரிட்டன் குடியுரிமையோ பெற்றவர் ஒருவர் இருந்தால், அவர் பிறந்தது புதுப்பேட்டையாகவே இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்குவதற்கு, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. எல்லாரிடமும் வாங்கி ஒரே தொகையாக உங்கள் பெயரில் அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தேரடி வீதி

கணக்காளர் ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஆறு லட்சம் கையில் இருக்குமானால், இளம் வயது நோயாளி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு முழுத் தொகையாகக் கொடுத்துவிடலாமே. ஓர் உயிர் முழுமையாக மீளும். டயாலிசிஸிலிருந்தே விடுதலை கிடைக்கும். சில்லறையாகப் பத்துப் பேருக்குக் கொடுப்பதைவிட இது மேல் அல்லவா?

எர்ணாவூர் ஆசிரியை

தேரடி வீதி அவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் மாற்று அறுவை சிகிச்சை, ரொக்கம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பேசும்போது ஒரு பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு முன், வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே ஏளனமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் எங்கள் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டன. கடலை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டு, தொழில் போய், கந்துவட்டி கழுத்தை நெரித்த நிலையில், அக்குடியிருப்பின் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருந்தது 2007 ஜனவரியில் நாளிதழ்களில் வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது. வாக்களித்த தொகையில் பாதிகூடக் கைக்கு வராத பெண்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் படித்தவர்கள். அந்தத் தாய்மார்களில் ஒருவர், மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வந்தபோது இடுப்பில் கை வைத்தபடியே பெஞ்சில் மெல்லச் சாய்ந்து அமர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

சட்டப்படி உயிருடன் இருப்பவர் சிறுநீரகம் தருவதென்றால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி ஆகியோர் தரலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். வேறு எவர் தந்தாலும் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். பணத்துக்காக என்று நிரூபணமானால், ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதே திருத்தத்தில் வந்தன. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கையில் பெருந்தொகையாகக் கொடுத்துவிட்டால், அது அறுவை சிகிச்சைக்குத்தான் போயிற்றா, தரகருக்குப் போயிற்றா என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்? உறவினரே தானம் தர முன்வந்து, அரசு மருத்துவமனையில் எல்லாம் முறைப்படி நடக்கும்போது, அங்கே பெருந்தொகைக்கு வேலையும் இல்லை.

மாற்று அறுவை சிகிச்சைக்கு உதவ வேண்டுமென்றால் உடலுறுப்பு தானத்தைப் பற்றிப் பேசுங்கள். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகுதான், தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். நினைவு நாளில் இதற்காக ஒரு மேசை போடச் செலவே இல்லை. ஆனால் படிவத்தில் கையெழுத்திடுவதோடு முடிந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்தால்தான் தானம் நடக்கும். ஆகவே வீட்டில் பேசிவிட்டு வந்து கையெழுத்திடச் சொல்லுங்கள்.

தேரடி வீதி

எர்ணாவூர்ச் செய்தியைச் செவிவழியாக மட்டுமே அறிந்திருந்தேன். நீங்கள் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. என் யோசனையை விலக்கிக்கொள்கிறேன்.

மூன்றாம் எண் படுக்கை

இந்த இழையை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே படித்தேன். ஒரு கைதான் சும்மா இருக்கிறது, ஆகையால் இப்பதிவை வீட்டுக்கு வந்தே எழுதுகிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவன். முதுகு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய வலி மாத்திரைகளை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அறியாமல், மிட்டாய் போலத் தின்ற தலைமுறை நாங்கள்.

கொடுப்பவர்கள் இத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள். வாங்குபவன் ஒருவனும் பேசினால் தவறில்லை என்று நினைக்கிறேன். பழகிவிட்ட நோயாளிக்கு உதவி தேவைதான். ஆனால் உண்மையான இடி விழுவது முதல் சில மாதங்களில். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறிவிட்டது, உடனே டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று ஒரு நாள் திடீரென்று சொல்கிறார்கள். ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை செய்தாலும் அந்த நரம்பு பருத்து ஊசி தாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கழுத்தில் குழாய். குளிக்க முடியாது, ஒருக்களித்துப் படுக்க முடியாது, வேலைக்குப் போகவே முடியாது. அதே வாரங்களில்தான் காப்பீட்டு அட்டைக்கும் அலைய வேண்டியிருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்று வருமானச் சான்றிதழ் வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் போய் நிற்க வேண்டும். வீட்டில் படித்த ஆள் இருந்தால் சீக்கிரம் முடியும். இல்லாதவர்கள் அட்டை வரும்வரை தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டால் மனமும் வீடும் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். காலையில் எழுந்ததும் கையைத் தொட்டுப் பார்த்து, அந்த 'விர்' என்ற அதிர்வு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்த மூன்று மாதத்துக்குள்தான் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் வேண்டுகோள் இதுதான்: புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவருக்கு, முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும், போய்வரும் ஆட்டோ செலவைக் கொடுங்கள், அட்டை வாங்க உடன் அலைவதற்கு ஓர் ஆளையும் கொடுங்கள். மேடை போட்டுச் சால்வை போர்த்தி உறையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் படம் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

தண்டையார்பேட்டை செவிலி

அண்ணன் சொன்னதை வரிக்கு வரி வழிமொழிகிறேன். புதிய நோயாளிகளை நீங்களாகத் தேட வேண்டாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்கும் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவருக்கும் அவர்களைத் தெரியும். யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இளவலின் மாமாவுக்கும் ஒரு வார்த்தை. அன்னதானம் செய்வதென்றால் உடன் வந்து காத்திருப்பவர்களுக்கு மட்டும் பரிமாறுங்கள். சாம்பார், ஊறுகாய், வாழைப்பழம் என்று நாம் புண்ணியம் தேடிப் போடும் இலையில் உள்ள பாதிப் பொருள்கள் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாதவை. வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் அவர்கள் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஊறுகாய், கருவாட்டின் உப்பு தாகத்தைக் கூட்டி, குடிக்கும் நீரின் அளவை மீறச் செய்யும். காய்கறியைக்கூட நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கச் சொல்வோம். நல்ல நாள் என்று யாரோ இளநீர் வெட்டிக் கொடுக்க, அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் உண்டு.

துபாய் ராயபுரத்தான்

மூன்றாம் எண் படுக்கை ஐயாவின் பதிவை நண்பர்களுக்கு அப்படியே அனுப்பினேன். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். வாரம் மூன்று முறை என்றால் மாதத்திற்குப் பதின்மூன்று முறை. போய்வர 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,900 ரூபாய், மூன்று மாதங்களுக்கு 11,700. இயந்திரத்துக்கு என்று சொன்ன ஆறு லட்சத்தில் ஐம்பது பேரின் முதல் மூன்று மாதங்களைத் தாங்கலாம். 'ஒரு நோயாளியின் முதல் மூன்று மாதம்' என்று ஒரு பங்கு வைத்துக் கேட்டபோது, முதலில் தயங்கியவர்களில் இருவர் தலைக்கு இரண்டு பங்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்காவின் பெயரை எங்கே வைப்பது என்ற குறை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கனடாக் குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவரின் பணத்தைக் கணக்காளர் ஐயா சொன்னபடி தனியே ஒதுக்கிவிட்டேன். வெளிநாட்டு நன்கொடைக்குப் பதிவு பெற்ற அமைப்புக்கு அவரே நேரடியாகச் செலுத்திக்கொள்வார்.

பழைய வண்ணைக் கணக்காளர்

பெயருக்கு வழி இருக்கிறது. ஒப்புகைக் கடிதத்திலும் அறக்கட்டளையின் ஆண்டு அறிக்கையிலும் 'இன்னார் நினைவு நிதி' என்று குறிக்கக் கேளுங்கள். பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள். ஒரே தொகையாகக் கொடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் கொடுத்து, முந்தைய தவணையில் எத்தனை பேருக்கு எவ்வளவு போயிற்று என்ற விவரத்தை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், எழுத்தில் வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், ஒழுங்காக நடத்துபவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். முகம் சுளிப்பவர்களிடம் அடுத்த தவணை கொடுக்க வேண்டியதில்லை.

காசிமேடு கேரம் குழு

எங்களை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். அதன் பிறகு இங்கே கேரம் போட்டி என்றால் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் போட்டி நடத்திப் பணம் மிச்சப்படுத்துவது எப்படி என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அறுபத்துநான்கு பேர், தலைக்கு 200 ரூபாய் என்றால் 12,800 ரூபாய் வரும். முதல் நான்கு பரிசு, பந்தல், விளக்கு, தேநீர், கோப்பை என்று போனால் கையைக் கடிக்கும். இதில் பிரியாணி என்று யாராவது பேச்செடுத்தால் கடனில்தான் முடியும். எங்கள் பகுதியில் யாராவது பேச்செடுக்காமல் இருப்பதில்லை. ஆகவே பரிசுகளை எம்.சி. சாலைக் கடைக்காரர்களிடம் பொருளாகக் கேட்டு வாங்குங்கள். துணிக்கடைகளில் நினைவு நாளுக்கு என்றால் இல்லை என்று சொல்வது குறைவு. பந்தலுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தில் கை வைக்காமல் அப்படியே, அறக்கட்டளையின் கணக்கில் ஆட்டக்காரரே செலுத்திவிட்டு வந்து காட்டினால்தான் பெயர் எழுதுவோம் என்று வைத்துவிட்டால் ரொக்கப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று. ஆட வருபவர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பலர் சுமை தூக்குபவர்களும் மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்பவர்களும்தான். தங்கள் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க முடியுமா?

தண்டையார்பேட்டை செவிலி

பார்க்கலாம், நானே வருகிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இல்லாமல் வளரும். சிறுநீரகம் ஏறத்தாழப் பாதி கெட்ட பிறகுதான் கிரியேட்டினின் அளவே கூடத் தொடங்கும். புரதம் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. புரதம் இருப்பதாகத் தெரிந்தவரிடம் சீட்டை நீட்டிவிட்டு அனுப்பிவிடக் கூடாது. மறு பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அவரவர் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, மூன்று மாதம் கழித்துப் போனாரா என்று கேட்பதற்கு ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆகவே மாத்திரைக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் முகாமே வேண்டாம்.

கொருக்குப்பேட்டை இளவல்

அனைவருக்கும் நன்றி. வீட்டில் பேசிவிட்டோம். இயந்திரம் இல்லை. புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரின் முதல் மூன்று மாதப் பயணச் செலவுக்கு மட்டும் நிதி. அது முழுவதும் அறக்கட்டளையின் கணக்குக்கே போகும். எங்கள் கையில் ஒரு ரூபாயும் வராது. அறக்கட்டளைக்கு இதைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பயணச் செலவுக்கு என்று தனியாக வாங்க அவர்களுக்கு இயலாது என்றால், அரசு மருத்துவமனையின் முதல்வர் அலுவலகத்தில் கேட்போம். அட்டைக்கு அலைவதற்கு உதவும் பொறுப்பை அக்காவின் கடையில் துணி வெட்டிய பெண் ஏற்றுக்கொண்டார். அக்காவோடு சிங்காரவேலர் மாளிகைக்குப் போய்வந்தவர் அவர்தான். எந்தச் சாளரத்தில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும்.

மாமா அன்னதானத்தை விடுவதாக இல்லை. உடன் வருபவர்களுக்கு மட்டும் எலுமிச்சைச் சோறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பரிசோதனை முகாமுக்குப் பின்தொடர்ந்து கேட்கும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை; பொங்கலுக்குள் கிடைத்தால் முகாம், இல்லையென்றால் போட்டி மட்டும்.

கேரம் பலகைகள் எங்கள் தெருவில் இரண்டுதான் இருக்கின்றன. காசிமேடு குழுவினர் தந்து உதவ முடியுமா?

காசிமேடு கேரம் குழு

ஆறு பலகைகள் தருகிறோம், காய்களோடு. பவுடரும் விளக்கும் உங்கள் பொறுப்பு. பலகையின் மேல் தேநீர்க் குவளை வைப்பவரை ஆட்டத்திலிருந்து நீக்கும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும்.